நகரத்தை விட்டுப் போகும் யானைகள்

2013 அக்டோபரில் இரிங்கா, டோகா, திகா என்ற மூன்று ஆப்பிரிக்கப் பெண் யானைகள் டொரொண்டோ உயிரியல் பூங்காவிலிருந்து லாரிகளில் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மூன்று நாள் பயணம். அந்தப் பூங்கா இருப்பது ஸ்கார்பரோவில், ஈழத் தமிழர்கள் ஏராளமாகக் குடியிருக்கும் பகுதியில். 1974-இல் பூங்கா திறந்த காலத்திலேயே மொசாம்பிக்கிலிருந்து வந்தவை இரிங்காவும் டோகாவும். திகா அங்கேயே 1980-இல் பிறந்தது. அதற்குக் காடு என்றால் என்னவென்றே தெரியாது.

இந்தப் பயணத்துக்கான முடிவு 2011-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் பூங்கா நிர்வாகம் இனி யானை வளர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அதுவரை யாருக்கும் யாரோடும் பெரிய மனத்தாங்கல் இல்லை. 2006-க்கும் 2009-க்கும் இடையில் நான்கு யானைகள் அடுத்தடுத்து இறந்திருந்தன. கனடாக் குளிரில் யானைக்குச் சரியான கொட்டில் கட்டப் பணமும் இல்லை. எங்கே அனுப்புவது என்ற கேள்வி வந்தபோதுதான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வட அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் அங்கீகரித்த வேறொரு பூங்காவுக்கே போக வேண்டும் என்றார்கள் பராமரிப்பாளர்கள். அக்டோபரில் கூடிய நகர மன்றமோ கலிபோர்னியாவில் உள்ள பாஸ் என்ற காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி வாக்களித்தது. அந்தக் காப்பகத்தில் காசநோய் பிடித்த யானைகள் இருந்தன என்று பராமரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். பூங்காவின் முடிவை அரசியல்வாதிகள் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி 2012-இல் சங்கம் பூங்காவின் அங்கீகாரத்தையே பறித்தது. போக்குவரத்துச் செலவை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் பாப் பார்க்கர் ஏற்றுக்கொண்டார். விமானமா லாரியா என்று பேசிப் பேசியே மாதங்கள் கழிந்தன. யானைகளை வழியனுப்ப இரண்டரை ஆண்டு ஆயிற்று.

இரிங்கா காப்பகத்தில் இரண்டு ஆண்டுகூட வாழவில்லை. 2015 ஜூலையில், 46 வயதில், மூட்டும் பாதமும் கெட்டு எழ முடியாத நிலையில் அதைக் கருணைக் கொலை செய்தார்கள். பயணம்தான் கொன்றது என்றார்கள் ஒரு தரப்பினர். அந்தப் பாதம் கெட்டது டொரொண்டோவில் என்றார்கள் மறு தரப்பினர். இரண்டாவது தரப்பின் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் பாதம் அந்த அளவுக்குக் கெடும்வரை இந்த முடிவு ஏன் தள்ளிப்போனது என்ற கேள்விக்கு இரு தரப்பும் பதில் சொல்லவில்லை.

கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் யானைகளை வழியனுப்பிய நகரங்களை வரிசையாகப் பார்த்தால் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. டெட்ராய்ட், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், டொரொண்டோ, இஸ்லாமாபாத், மெண்டோசா, லாஸ் ஏஞ்சலஸ் எனப் பட்டியல் நீளம். யானை போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்ற வாதத்தை நாளிதழ்கள் நிறைய நடத்திவிட்டன. எப்போது போக வேண்டும் என்பது பற்றிய பேச்சு குறைவு. யானையின் உடம்பு தாங்கிய விலை பெரும்பாலும் அந்த 'எப்போது' என்பதற்கான விலைதான்.

நகரம் யானைக்காக அழுவது புதிதல்ல. 1882-இல் லண்டன் பூங்கா தன் பெரிய ஆண் யானை ஜம்போவை அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னமுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றது. முதுகில் ஏறிச் சவாரி போன பிள்ளைகளும், அவர்களுடைய பெற்றோரும், செய்தித்தாள்களும் கொதித்துப் போனார்கள். விற்பனையைத் தடுக்க வழக்குகூடப் போட்டார்கள். பூங்கா விற்றதற்குக் காரணம் எளிமையானது: வளர்ந்த ஆண் யானைக்கு மதம் பிடிக்கும், பிள்ளைகளைச் சுமக்கும் யானைக்கு மதம் பிடித்தால் என்ன ஆகும் என்று கண்காணிப்பாளர் பார்ட்லெட் பயந்தார். ஜம்போ பெட்டிக்குள் ஏற மறுத்தது. நடத்திக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தால் தெருவிலேயே படுத்துக்கொண்டது. வாரக்கணக்கில் முயன்ற பிறகுதான் அதன் பாகன் மேத்யூ ஸ்காட்டோடு சேர்த்துக் கப்பல் ஏற்ற முடிந்தது. மூன்றரை ஆண்டு கழித்து ஒன்டாரியோவில் ரயில் மோதி ஜம்போ செத்தது.

அதே லண்டன் பூங்கா 2001-இல் யானைகளை முற்றாகக் கைவிட்டது. அந்த அக்டோபரில் ஒரு யானை தன் பராமரிப்பாளரை மிதித்துக் கொன்றது. சில வாரங்களுக்குள் மிச்சமிருந்த மூன்று யானைகளும் ஊருக்கு வெளியே விப்ஸ்நேடுக்குப் போயின. ரீஜண்ட்ஸ் பார்க்கில் 170 ஆண்டுகளாக யானை இருந்தது. அதை முடித்துவைத்தது ஒரு மனிதனின் சாவு.

யானைக்கு நகரம் ஏன் ஒத்துவரவில்லை என்பதைப் பாதத்திலிருந்து தொடங்குவதே சரி. யானை நிற்பது விரல் எலும்புகளின் மேல். அவற்றுக்குப் பின்னால் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை ஒன்று உடலின் எடையைத் தாங்குகிறது. காட்டில் மண், சேறு, கல், மணல் என்று மாறி மாறி நடப்பதால் உள்ளங்கால் தோலும் நகமும் தேய்ந்துகொண்டே இருக்கும். சிமெண்டுத் தரையில் நின்ற இடத்திலேயே நின்றால் தோல் தடித்து வெடிக்கும், நகம் பிளக்கும், பிளவில் சிறுநீரும் சாணமும் சேர்ந்து சீழ் பிடிக்கும். சீழ் எலும்பு வரை போய்விட்டால் மருத்துவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. குளிர் நாடுகளில் ஆண்டில் பல மாதம் யானை கூரைக்கடியில், அதாவது சிமெண்டின் மேல், கழிக்க வேண்டும். பூங்கா யானைகளைக் கருணைக் கொலை செய்யும்போது எழுதப்படும் காரணங்களில் பாதமும் மூட்டும் மறுபடி மறுபடி வருவது இதனால்தான்.

அடுத்தது மனம். கோயில் வாசலில் யானை தலையை ஆட்டிக்கொண்டே, முன்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்போம். மேளத்துக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருப்போம். மேளம் நின்ற பிறகும் அந்த ஆட்டம் நிற்காது. கட்டிவைத்த, தனித்துவிடப்பட்ட விலங்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மன உளைச்சலின் அடையாளம். டெட்ராய்ட்டில் ஆடியதும் இஸ்லாமாபாத்தில் ஆடியதும் அதே ஆட்டம்தான்.

2008-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த வாதத்துக்கு எண் கொடுத்தது. 4,500-க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஐரோப்பியப் பூங்காக்களில் ஆப்பிரிக்கப் பெண் யானையின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு. கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு அது 56. ஆசிய யானைக்குப் பூங்காவில் 18.9, மியான்மாரில் மரம் இழுக்கும் யானைக்கு 41.7. பாரம் இழுக்கும் யானை, வேலையே இல்லாத யானையைவிட இரண்டு மடங்கு வாழ்ந்தது. பூங்காக்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கணக்கில் பழைய கால வளர்ப்பு முறையும் கலந்திருக்கிறது, இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய கால வளர்ப்பில் வளர்ந்த யானைகள்தாம் இன்றைக்கு வயதாகிப் பல கொட்டில்களில் நிற்கின்றன.

டெட்ராய்ட் 2004-இல் செய்தது வழக்கத்துக்கு மாறானது. யாரும் சாகவில்லை, நீதிமன்றம் உத்தரவிடவில்லை, மன்றம் வாக்களிக்கவில்லை. பூங்காவின் இயக்குநர் ரான் கேகன் தாமே முன்வந்து, இந்த ஊர்க் குளிரில் யானைக்கு நல்ல வாழ்க்கை தர எங்களால் முடியாது, விங்கியையும் வாண்டாவையும் காப்பகத்துக்கு அனுப்புகிறோம் என்று அறிவித்தார். சங்கம் இன்னொரு பூங்காவுக்கு அனுப்பச் சொன்னது. பல மாத இழுபறிக்குப் பிறகு இறங்கிவந்தது. 2005 ஏப்ரலில் இரண்டும் கலிபோர்னியா போயின. விங்கி மூன்று ஆண்டும், வாண்டா ஏறக்குறைய பத்து ஆண்டும் அங்கே இருந்தன. காலியான இடத்தில் டெட்ராய்ட் காண்டாமிருகம் விட்டது. பூங்கா மூடப்படவில்லை, கூட்டமும் குறைந்துவிடவில்லை.

அதே 2004-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மார்ச்சில் ஒரு யானை, ஏப்ரலில் இன்னொரு யானை என்று சில வாரங்களுக்குள் இரண்டு போய்விட்டன. அதன் பிறகே நகர நிர்வாகம் விழித்துக்கொண்டது. மிச்சமிருந்தவற்றில் டிங்கர்பெல் நவம்பரில் காப்பகம் போய், அடுத்த மார்ச்சிலேயே இறந்தது. முடிவு ஒன்றுதான், டெட்ராய்ட் தானாக எடுத்தது, சான் பிரான்சிஸ்கோ சாவு வந்து தள்ளிய பிறகு எடுத்தது.

பிரியாவிடை என்றால் கேக் வெட்டுவதும் பிள்ளைகள் அட்டையில் படம் வரைந்து ஒட்டுவதும் நினைவுக்கு வரும். உண்மையான வேலை அதற்கு மாதங்களுக்கு முன்பே, இரும்புப் பெட்டியோடு தொடங்குகிறது. பெட்டியைக் கொட்டிலின் வாசலோடு ஒட்டிவைப்பார்கள். முதலில் உள்ளே பழம் போடுவார்கள். யானை துதிக்கையை மட்டும் நீட்டி எடுக்கும். பிறகு ஒரு கால், இரண்டு கால், முழு உடம்பு. பிறகு கதவை ஒரு நிமிடம் மூடித் திறப்பார்கள், அப்புறம் ஐந்து நிமிடம். நம் முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் பிடிபட்ட யானையைக் கரால் என்ற மரக்கூண்டில் வைத்துப் பழக்குவதை அறிந்தவர்களுக்கு இது தலைகீழ் வேலை என்று புரியும். அங்கே கதவை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு நட்பு பிடிப்பார்கள். இங்கே நட்பு முடிந்த பிறகே கதவு.

இந்த வேலைக்குப் பேர்போன ஒருவர் எகிப்தியக் கால்நடை மருத்துவர் அமீர் கலீல். இஸ்லாமாபாத்தில் காவன் என்ற ஆண் யானையைப் பெட்டிக்குப் பழக்க அவர் மாதக்கணக்கில் அதன் கூடவே இருந்தார். கரகரத்த குரலில் பிராங்க் சினாட்ராவின் பாட்டைப் பாடிக்கொண்டே பழம் ஊட்டினார். காவனின் கதையில் இலங்கையும் இருக்கிறது. 1985-இல் இலங்கை அரசு பாகிஸ்தானுக்குப் பரிசாக அனுப்பிய குட்டி அது. துணையான சஹேலி 2012-இல் இறந்தபின் எட்டு ஆண்டு தனியாக நின்றது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அதர் மினல்லா, விலங்குகளுக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்று சொல்லி அதை விடுவிக்க உத்தரவிட்டார். பாடகி ஷேர் பல ஆண்டு போராடியிருந்தார். உலகச் செய்தியானது அவரால்தான். அந்த நவம்பர் கடைசியில் ரஷ்யச் சரக்கு விமானம் ஒன்று காவனைக் கம்போடியாவுக்குக் கொண்டுபோனது. இத்தனை அழகான கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: அதே பூங்காவைக் காலிசெய்தபோது சிங்கங்களைக் கூண்டிலிருந்து வெளியேற்ற ஊழியர்கள் தீ மூட்டினார்கள், இரண்டு சிங்கங்கள் இறந்தன. யானைக்கு மாதக்கணக்கில் பொறுமை, சிங்கத்துக்குத் தீப்பந்தம். யானைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட மற்ற விலங்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பது இந்த வழியனுப்புதல்கள் எல்லாவற்றிலும் உள்ள குறை.

இலங்கை பரிசாகக் கொடுத்த இன்னொரு குட்டி மாலி. மணிலா பூங்காவுக்குப் போனது. அங்கிருந்த மற்ற யானை 1990-இல் இறந்தபின் முப்பது ஆண்டுக்கும் மேல் தனியாகவே இருந்தது. உலகெங்கும் இருந்து கோரிக்கைகள் போயின. பால் மெக்கார்ட்னிகூடக் கடிதம் எழுதினார். இந்த வயதில் இடம் மாற்றினால் தாங்காது என்பதே பூங்கா தரப்பின் பதில். 2023 நவம்பரில் மாலி அங்கேயே இறந்தது. 'வயதாகிவிட்டது, இனி மாற்ற வேண்டாம்' என்று சொல்கிறவர்கள், வயதாகாமல் இருந்தபோது என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வயதான யானையையும் மாற்றலாம் என்பதற்கு அர்ஜென்டினாவின் மெண்டோசா ஒரு சான்று. அதற்கு என்ன விலை என்பதற்கும் அதுவே சான்று. அங்கே யானைக் கொட்டில் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய ஒரு பள்ளம். நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர். பார்வையாளர்கள் மேலே நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். போச்சா என்ற தாயும், அந்தப் பள்ளத்திலேயே 1998-இல் பிறந்த கில்லெர்மினா என்ற மகளும் அதற்குள் இருந்தார்கள். மகள் இருபது வயது தாண்டும்வரை புல் முளைத்த தரையில் கால் வைத்ததில்லை. எல்லை தாண்ட அனுமதிக் காகிதங்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2022 மே மாதம் இருவரும் பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் உள்ள யானைக் காப்பகத்துக்குத் தரைவழியே போனார்கள். ஐந்து மாதத்தில் போச்சா இறந்தது. மகளுக்கு அதற்குள் வேறு யானைகளின் பழக்கம் கிடைத்திருந்தது. 2025 ஜூலையில் கென்யா என்ற யானையும் பிரேசிலுக்குப் போனபின் அர்ஜென்டினாவில் சிறைப்பட்ட யானையே இல்லை.

காப்பகம் என்றதும் காடு என்று எண்ணிவிடக் கூடாது. அங்கேயும் வேலி உண்டு, கொட்டில் உண்டு, மருந்து உண்டு. வித்தியாசம் பரப்பளவில் இருக்கிறது. பார்வையாளர் இல்லாததில் இருக்கிறது. குட்டி போடச் செய்வதில்லை என்பதில் இருக்கிறது. பூங்காச் சங்கங்களுக்குக் காப்பகங்கள்மேல் உள்ள கோபத்துக்கு இந்தக் கடைசிக் காரணம் முக்கியம். சினைப் பருவத்தில் உள்ள ஒரு பெண் யானை காப்பகத்துக்குப் போனால் அவர்களுடைய இனப்பெருக்கத் திட்டத்துக்கு அது இழப்பு.

சியாட்டிலில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. பூங்கா தன் கடைசி இரண்டு யானைகளான பாம்பூவையும் சாயையும் காப்பகத்துக்கு அனுப்ப மறுத்து, ஓக்லஹோமா நகரப் பூங்காவுக்கு அனுப்பியது. 2015 ஏப்ரலில் கிளம்பிய லாரி வழியில் பனிப்புயலுக்குப் பயந்து சான் டியேகோவுக்குத் திரும்பியது. யானைகள் அங்கே ஒரு மாதம் போல விருந்தாளிகளாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தன. 2016 ஜனவரியில் சாய் இறந்தது. 2025 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸும் அதே வழியைப் பிடித்தது. பில்லி, டீனா என்ற இரண்டும் துல்சா பூங்காவுக்குப் போயின. பில்லி 1989-இல் மலேசியாவிலிருந்து குட்டியாக வந்த ஆண் யானை; அதற்காக ஊரே பல ஆண்டு வழக்கு நடத்தியது. கூட இருந்த இரண்டு வயதான யானைகள் 2023, 2024-இல் அடுத்தடுத்து இறந்தபின் மிச்சம் இரண்டுதான். இனி மந்தை என்று சொல்ல முடியாது என்பதே அனுப்பியதற்குப் பூங்கா சொன்ன காரணம். வழியனுப்புவதற்கு ஊருக்கு வாய்ப்பே தரவில்லை. கிளம்பும் நாள், போன பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது.

பூங்காக்களின் தரப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. யானைக் குட்டிகளைச் சில நாட்களுக்குள், சில சமயம் சில மணி நேரத்துக்குள் கொல்லும் ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று உண்டு. 1995-இல் வாஷிங்டன் தேசியப் பூங்காவில் குமாரி என்ற குட்டி இறந்தபோதுதான் விஞ்ஞானிகளுக்கு அது பிடிபட்டது. காட்டுக் குட்டிகளையும் அது கொல்கிறது. அதற்கு எதிரான எம்ஆர்என்ஏ தடுப்பூசியை 2024 ஜூனில் முதன்முதலில் போட்டுக்கொண்டது ஹூஸ்டன் பூங்காவின் டெஸ் என்ற யானை. நம் முதுமலைக் குட்டிக்கு ஒரு நாள் அந்த ஊசி உதவலாம். ஆகவே பெரிய இடமும், தாய் மகள் பேத்தி என்று உண்மையான குடும்பமும் உள்ள சில பூங்காக்கள் யானை வைத்திருப்பதை நான் எதிர்க்கவில்லை. ஒரு பூங்காவுக்கு நேர்மையான வழிகள் இரண்டு: செலவு செய்து மந்தையாக வளர்ப்பது, அல்லது யானைகள் திடமாக இருக்கும்போதே அனுப்பிவிடுவது. மூன்றாவது வழிதான் அதிகம் பேர் எடுப்பது. புதிதாக வாங்குவதும் இல்லை, இருப்பதை அனுப்புவதும் இல்லை. ஒவ்வொன்றாகச் சாகட்டும் என்று காத்திருப்பது. நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்கா 2006-இல் ஏறக்குறைய இதைத்தான் அறிவித்தது. அதே ஆண்டு வெளியான ஆய்வில் கண்ணாடியில் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்ட யானை என்று பேர் வாங்கிய அந்தப் பூங்காவின் ஹேப்பி, அதன் பிறகு வேறு யானையோடு சேராமலே வாழ்ந்தது. அதை விடுவிக்கக் கேட்ட ஆட்கொணர்வு வழக்கை 2022-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 5-க்கு 2 என்று தள்ளுபடி செய்தது.

இந்தியா இந்த விஷயத்தில் காகிதத்தில் எல்லாருக்கும் முந்தியது. 2009 நவம்பரிலேயே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், பூங்காக்களிலும் சர்க்கஸிலும் உள்ள யானைகளை வனத்துறை முகாம்களுக்கு மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. மாற்ற இடமும் நம்மிடம் உண்டு. கலிபோர்னியாவில் காடு தேடி அலைகிறவர்களுக்கு இல்லாத தெப்பக்காடும் டாப்சிலிப்பும் நமக்கு இருக்கின்றன. தனியாரிடமிருந்து மீட்ட யானைகளுக்குத் திருச்சிக்குப் பக்கத்தில் எம்.ஆர்.பாளையம் மையமும் உண்டு. இருந்தும் மைசூரு, டெல்லி போன்ற பூங்காக்களில் யானை நின்றுகொண்டேதான் இருந்தது. 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது வளர்ப்பு யானைகளை 'சமய மற்றும் பிற நோக்கங்களுக்காக' மாற்றிக்கொள்ள வழிவிட்டார்கள். அந்தப் 'பிற'வுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம்.

டெல்லியின் சங்கர் இந்த அரைகுறை நிலையின் உருவம். ஜிம்பாப்வே பரிசளித்த ஆப்பிரிக்க யானை. 1998-இல் பம்பாய் என்ற பெண் குட்டியோடு வந்தது. அது இறந்தபோது சங்கருக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அன்றே துணை தேடியிருக்கலாம், அல்லது துணை உள்ள இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். பயணத்துக்கு ஏற்ற வயது, பாதம் கெடாத வயது. இரண்டும் நடக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது 2021-இல். சங்கிலியில் கட்டிவைத்ததைக் காரணம் காட்டி உலகப் பூங்காச் சங்கம் டெல்லியின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது 2024-இல். அதன் பிறகு சங்கிலி கழன்றது. 2025 செப்டம்பரில், 29 வயதில், சங்கர் இறந்தது.

ஆணையம் அடுத்த சுற்றறிக்கை எழுதினால் அதில் ஒரு வரி போதும்: எந்தப் பூங்காவிலும் ஓர் இன யானை மூன்றுக்குக் கீழே குறைந்தால், ஆறு மாதத்துக்குள் மிச்சமிருப்பதை மந்தை உள்ள முகாமுக்கு அனுப்பும் திட்டத்தைப் பூங்கா தர வேண்டும்; தராவிட்டால் அங்கீகாரம் கிடையாது.